கப்பலில் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்

துறைமுகக் காவல் நிலையத்தில் நிலைய அதிகாரி முன்னிலையில் நான் சொல்ல, நிலைய எழுத்தர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

என் பெயர், கணவர் பெயர், கதவு எண் மூன்றையும் புகார்த் தாளின் மேல் பகுதியில் ஏற்கெனவே எழுதிக்கொண்டார்கள். வயது அறுபத்தொன்று. தொழில் தையல். பெண்களுக்குத் துணி தைக்கும் கடை ஒன்றைச் சொந்தமாக நடத்தி வருகிறேன். என் கணவர் குடிநீர் வாரியத்தில் குழாய் பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தேழு. எங்களோடு ஒரே வீட்டில் மகன், மருமகள், பேத்திகள் இருவர் வசித்து வருகிறார்கள். மகன் மருந்துக் கம்பெனியில் விற்பனை அதிகாரி. மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள்.

என்மேல் உள்ள புகார், பயணக் கப்பலின் பாதுகாப்பு அதிகாரியை நான் கன்னத்தில் அறைந்ததாகவும், அவர் கையில் இருந்த அட்டை சரிபார்க்கும் மெஷினைப் பிடுங்கிக் கடலில் எறிந்ததாகவும். இரண்டும் உண்மை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டாம். எழுத்தர் "சுருக்கமா சொல்லுங்கம்மா" என்றார். கப்பலிலும் என்னைச் சுருக்கமாகத்தான் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், அதன் பலன் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறது. ஆகையால் முழுவதும் சொல்வேன், முழுவதும் எழுத வேண்டும்.

மகனின் கம்பெனியில் நன்றாக விற்றவர்களுக்குக் குடும்பத்தோடு கப்பல் பயணம் என்று அறிவித்தார்கள். அதில் நாங்கள் ஆறு பேரும் புறப்பட்டோம். கப்பலில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு வரிசை, லிஃப்ட்டுக்கு வரிசை, சும்மா உட்கார நாற்காலிக்கும் வரிசை. என் கணவருக்கு எல்லாம் பிடித்திருந்தது. குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "நடுக்கடல்ல என்னா பிரஷர் பாரு" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

கப்பலில் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் அடையாளம். கரையில் இறங்கும்போதும் திரும்பி ஏறும்போதும் கப்பலையும் கரையையும் இணைக்கும் படிப்பாலத்தின் மேல்முனையில் நிற்கும் காவலாளி அட்டையை மெஷினில் வைப்பார், பீப் என்று சத்தம் வரும், மெஷினில் நம் போட்டோ தெரியும். போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும் என்பது அவர்களே போட்ட விதி. எங்கள் குடும்பத்தில் எங்கே போனாலும் டிக்கெட் எல்லாம் ஒருவர் கையில்தான் இருக்கும். ரயிலில், பஸ்ஸில், யார் முன்னால் போகிறாரோ அவர் மொத்தமாக நீட்டி, பின்னால் கையைக் காட்டி, இத்தனை பேர் என்று சொல்வது பழக்கம். அந்த முறையில் ஆறு அட்டைகளும் ரப்பர் பேண்டு போட்டு மருமகளின் கைப்பையில் இருந்தன.

சம்பவ நாளன்று காலை கப்பல் இந்தத் துறைமுகத்தில் நின்றது. ஊர் சுற்றிக் காட்டக் கப்பல்காரர்கள் பஸ் வைத்திருந்தார்கள். என் கணவர் பஸ் வேண்டாம் என்றார். "கண்ணாடி வழியா ஊரைப் பாக்கறதுக்கு வீட்ல டிவி இருக்கு. காலு எதுக்கு இருக்கு?" என்றார். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதன் பிறகு ஆறு பேரும் நடந்தே புறப்பட்டோம்.

கப்பல் நின்ற மேடையிலிருந்து துறைமுக வாசல் வரை வெயிலில் நல்ல நடை. நடுவில் கிடங்குகள் மறைப்பதால் கப்பலிலிருந்து பார்த்தால் வாசல் தெரியாது. வாசலுக்கு வெளியே மதில் நீளமாகப் போகிறது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும் என்று சொல்லவில்லை, உங்கள் வாசலில் மரம் இல்லை என்று சொல்கிறேன்.

அதன் பிறகு கயிறும் சங்கிலியும் விற்கும் கடைகள் இருந்த தெரு வழியாகப் போனோம். கடைக்காரர்கள் ஆள் பருமனில் கயிற்றுச் சுருளை வாசலில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி மேட்டுக்கு ஏறும் படித் தெரு. இரண்டு பக்கமும் உப்புக் காற்றில் சுவரெல்லாம் உரிந்த வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டித் துணி காய்ந்தது. நான் தைத்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒரு வீட்டுச் சட்டையில் கைப்பகுதியை மாற்றி வைத்துத் தைத்திருந்தார்கள். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். தெருவில் பதித்திருந்த இரும்பு மூடிகளை ஒவ்வொன்றாகக் காலால் தட்டி, இது குடிநீர், இது சாக்கடை, இதை மூடினவன் சோம்பேறி என்று பெரிய பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஊர் பாக்க வந்தீங்களா, சாக்கடை மூடி பாக்க வந்தீங்களா?" என்று கேட்டேன். "மேல இருக்கறத நீங்க அஞ்சு பேரும் பாக்கறீங்க. கீழ பாக்க ஒருத்தராவது வேணாமா?" என்றார். மருமகள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

படித் தெருவின் உச்சியிலிருந்து துறைமுகம் முழுவதும் தெரிந்தது. ஊரில் உள்ள எல்லாக் கட்டடத்தையும் விட எங்கள் கப்பல்தான் உயரமாக இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றோம். அதன் பிறகு இறங்கும் வழியில் ஒரு முடி வெட்டும் கடைக்குப் பக்கத்தில் தெருக்குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே வாளி வைத்திருந்தார்கள், வாளி நிரம்பித் தெருவில் ஓடியது. என் கணவர் நின்றுவிட்டார். எனக்கு அப்போதே தெரியும், இனி இவர் நகர மாட்டார் என்று. கல்யாண வீட்டிலேயே பந்தியை விட்டு எழுந்து போய்க் கை கழுவும் குழாயைச் சரி செய்தவர். முடி வெட்டுபவரிடம் ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டார். அவர் பக்கத்து சைக்கிள் கடையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தார்.

அந்தச் சமயத்தில் சின்னப் பேத்திக்குப் புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துத் தோல் உரிந்து, அவள் தெருவே கேட்கும்படி அழுதாள். மருமகள் போய்விடலாம் என்றாள். என் கணவர் குனிந்தபடியே, "நீங்க நடங்க. வாஷர்தான் போயிருக்கு, மாத்திட்டுப் பின்னாலயே வந்துடறேன்" என்றார். வழி தெரியுமா என்று மகன் கேட்டதற்கு, "கீழ எறங்குனா கடல். இதுக்கு என்னடா வழி?" என்றார். நான், "கப்பல் ஒண்ணும் உங்க அப்பா வீட்டு மாட்டுவண்டி இல்ல, நிறுத்தி வெச்சுட்டு நிக்க. சீக்கிரம் வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு, பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவருடைய அட்டை அவரிடம் இல்லை என்பது எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புறப்படும் நேரத்துக்கு நிறைய அவகாசம் இருந்தது.

துறைமுக வாசலில் இருந்த காவலர் மருமகள் கையிலிருந்த அட்டைக் கட்டைப் பார்த்தார், பேத்தி அழுவதைப் பார்த்தார், போங்கள் என்று கையைக் காட்டினார். அதன் பிறகு கப்பலின் படிப்பாலத்துக்கு வந்தோம். வரிசை நீளமாக இருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. மருமகள் முன்னால் போய் வழக்கம்போல அட்டைகளை மொத்தமாக நீட்டி, "ஆறு பேரு" என்றாள். காவலாளி ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒன்றன்பின் ஒன்றாக மெஷினில் வைத்து, திரும்பக் கட்டிக் கொடுத்தான். நான் அவன் என்கிறேன், எழுத்தர் அவர் என்று எழுதப் போனார், அவன் என்றே எழுதச் சொன்னேன். பீப் சத்தம் ஆறு. ஏறிய தலை ஐந்து. அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மெஷினில் என் கணவருடைய போட்டோ வந்திருக்கும். அதோடு ஒத்துப் பார்க்க வேண்டிய முகம் தெருக்குழாயடியில் இருந்தது.

அறைக்குப் போய்ப் பேத்தியின் காலைக் கழுவி மருந்து போட்டோம். நான் வெளித் தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். இவரைக் காணவில்லை. கூப்பிட்டுக் கேட்க அவர் கையில் போன் வைத்துக்கொள்கிறவரும் இல்லை. அதன் பிறகு ஒலிபெருக்கியில், பயணிகள் அனைவரும் கப்பலுக்கு வந்துவிட்டார்கள், சற்று நேரத்தில் புறப்படும் என்று அறிவித்தார்கள். உடனே கீழ்த் தளத்தில் உள்ள விசாரணை மேசைக்குப் போனேன்.

அங்கே கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் இருந்தாள். என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை, கப்பலை எடுக்காதீர்கள் என்றேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார் உள்ளதான் இருக்காரும்மா" என்றாள். இல்லை, வெளியே இருக்கிறார் என்றேன். "சிஸ்டம்ல உள்ளன்னு காட்டுது" என்றாள். "அவரோட குடும்பம் நடத்துனது நானா, உன் சிஸ்டமா?" என்று கேட்டேன். அவள் சிரித்த முகம் மாறாமல், "டென்ஷன் ஆகாதீங்கம்மா, நீச்சல் குளத்துப் பக்கம் பாருங்க" என்றாள். என் கணவருக்கு நீச்சல் தெரியாது. அதையும் சொன்னேன். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

அதன் பிறகு மகனைக் கூப்பிட்டேன். அவன், "அம்மா, சிஸ்டம் தப்பா சொல்லாதும்மா. அப்பா எங்கயாவது இன்ஜின் பக்கம் பைப்பைப் பாத்துக்கிட்டு நிப்பாரு" என்றான். அப்படி நிற்கக்கூடியவர்தான். எனவே நானும் தேடினேன். மேல் தளம், சாப்பாட்டுக் கூடம், உடற்பயிற்சி அறை, சமையலறைக் கதவு எல்லாம் போய்ப் பார்த்தேன். ஒரு கழிப்பறை வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன், வேறு யாரோ வெளியே வந்தார். அந்த மெஷினை நானும் கொஞ்ச நேரம் நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அதன் பிறகு மருமகள் ஓடிவந்தாள். "அத்தை, மாமா கார்டு என்கிட்டதான் இருக்கு. மொத்தமா குடுத்தேன், மொத்தமா போட்டுட்டான்" என்றாள். அப்போதுதான் விஷயம் எனக்கு விளங்கியது. இருவரும் மறுபடி விசாரணை மேசைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, அட்டையைக் காட்டினோம். அந்தப் பெண் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆள் இல்லாம உள்ளன்னு வராதும்மா. சார் ரூம்லயே கார்டை வெச்சுட்டு மேல போயிருப்பாரு" என்றாள். இவளோடு பேசுவதற்குக் கப்பல் சுவரோடு பேசலாம் என்று படிப்பாலத்துக்கு இறங்கினேன். மருமகளும் கூடவே வந்தாள்.

அங்கே பாலத்தை எடுக்கத் தயாராகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பாலத்தின் முதல் படியில் உட்கார்ந்தேன். என்மேல் ஏறித்தான் இதை எடுக்க முடியும் என்றேன். புகார் கொடுத்திருக்கும் பாதுகாப்பு அதிகாரி அப்போதுதான் வந்தார். அதற்கு முன்பு அவரை எனக்குத் தெரியாது, முன்விரோதம் ஏதும் இல்லை. அவர் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். என் பக்கத்தில் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல, "பயப்படாதீங்கம்மா. நம்ம செக்யூரிட்டி அவ்ளோ டைட். முன்னாடிகூட ஒரு தடவை துறைமுக வாசல்லேருந்து போன் வந்துச்சு. யாரோ ஒருத்தர் உங்க வீட்டுக்காரர் பேரையும் ரூம் நம்பரையும் சொல்லி உள்ள வரப் பாத்திருக்காரு. அவர் ஏற்கெனவே கப்பல்ல இருக்காரு, வெளில நிக்கறவன் வேற ஆளு, விடாதீங்கன்னு நானே சொல்லிட்டேன்" என்றார்.

அப்போதுதான் அறைந்தேன்.

இந்த இடத்தில் எழுத்தர், ஆத்திரத்தில் நிலை தடுமாறி என்று சேர்த்து எழுதினார். அதை அடிக்கச் சொன்னேன். நான் நிலை தடுமாறவில்லை. எழுந்து நின்று, தெளிவாகப் பார்த்துத்தான் அறைந்தேன். அதன் பிறகு, "அந்த வேற ஆளுதான்டா என் புருஷன்" என்று சொல்லி, அவர் கையிலிருந்த மெஷினைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். அது பீப் என்றுகூடச் சொல்லாமல் முங்கியது. அப்போதாவது அவர் வாசலுக்குப் போன் செய்து, அந்த ஆளை நிறுத்தி வையுங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேப்டனுக்குப் போன் செய்தார். கேப்டனின் உத்தரவு, கலாட்டா செய்யும் பயணியைக் கரையில் இறக்கிப் போலீசில் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்பது. என் கணவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மகன் ஓடிவந்து, என்னம்மா இப்படி அசிங்கம் பண்ணிட்டே என்றான். மருமகள்தான், "நீங்க பிள்ளைங்களப் பாத்துக்கங்க. நான் அத்தையோட போறேன்" என்று சொல்லி, கட்டியிருந்த துணியோடு என் பின்னால் இறங்கினாள். நாங்கள் இறங்கியதும் பாலத்தை எடுத்துவிட்டார்கள்.

கரையில் உங்கள் நிலையத்துக் காவலர்கள் இரண்டு பேர் நின்றார்கள். வாசலுக்கு ஓட விடுங்கள் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை, கடைக்கு வந்து கேட்டுப் பாருங்கள். ஜீப் வரும் வரை நகரக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். விதிப்படி செய்தார்கள், அவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் வயிற்றெரிச்சல் இருக்கிறது, அதை எழுத இடம் இருந்தால் எழுதுங்கள். ஜீப் வந்து எங்களை ஏற்றிய பிறகுதான் கப்பல் சங்கு ஊதியது.

வாசலில் ஜீப் நின்றபோது, வெளியே கூடையில் பழம் விற்கும் பெண் அங்கிருந்த காவலரைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தாள். "நீ தொரத்துன மனுசன் செத்தா அந்தப் பாவம் உன்ன சும்மா விடாது" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஜீப்பிலிருந்து குதித்தேன். இனி சொல்வது நான் கண்ணால் பார்த்தது இல்லை, அவள் என்னிடம் சொன்னது. அவளைத் தனியாக விசாரித்துக்கொள்ளலாம், தினமும் அதே இடத்தில்தான் உட்காருகிறாளாம்.

என் கணவர் வாசலுக்கு வந்தபோது பஸ்களே இன்னும் திரும்பி வரவில்லை. கை இரண்டும் கிரீஸாக இருந்ததாம், குழாயைச் சரி செய்துவிட்டேன் என்று அவளிடமே பெருமையாகச் சொன்னாராம். காவலரிடம் பெயரும் அறை எண்ணும் சொன்னார். அட்டை எங்கே என்றதற்கு, மருமகள் பையில் இருக்கிறது, கூப்பிட்டால் கொண்டுவருவாள் என்றார். காவலர் கப்பலுக்குப் போன் செய்துவிட்டு, "அந்த ஆளு கப்பல்ல இருக்காருய்யா. உள்ள இருக்கற ஆளு எப்படி வெளில நிப்பான்?" என்று கேட்டார். இவர் சிரித்தாராம். "அப்போ உள்ள இருக்கற அந்த நல்லவர வெளில கூப்பிடுங்க, நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கறோம்" என்றாராம். இதை அவள் சொன்னபோது, சொன்னது இவர்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

காவலருக்குச் சிரிப்பு வரவில்லை. தோளைப் பிடித்துத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் தள்ளினார். இவர் மறுபடி மறுபடி வந்து கேட்டார். இன்னொரு தடவை போன் செய்யச் சொன்னார். காவலர் செய்யவில்லை. பழக்காரப் பெண் தன் குடை நிழலில் உட்காரச் சொன்னதற்கு, "உக்காந்தா என் வீட்டுக்காரி வந்து பாத்தா தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நேராக வெயிலிலேயே நின்றார். அதன் பிறகு வேறு வழி இருக்குமா என்று மதிலை ஒட்டி நடந்தார். நடந்தவர் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார், பிறகு பக்கவாட்டில் விழுந்தார். சுமை தூக்குகிறவர்கள் இருவர் மூட்டை தள்ளும் வண்டியில் அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் விழுந்தபோது சங்கு ஊதியிருக்கவில்லை. இதை அவள் இரண்டு தடவை சொன்னாள், நானும் இரண்டு தடவை எழுதச் சொல்கிறேன். அவர் விழுந்தபோது சங்கு ஊதியிருக்கவில்லை. அவர் தாமதமாக வரவில்லை.

உங்கள் அதிகாரி அதன் பிறகு ஜீப்பை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். அதற்கு அவருக்கு நன்றி. அங்கே கட்டில் தலைமாட்டில், பெயர் தெரியாத ஆண் என்று எழுதி மாட்டியிருந்தார்கள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் பெயரைச் சொன்னேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, வெயிலும் சேர்ந்துகொண்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் மருந்து கேட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு வரவில்லை. கண் திறந்து பார்க்கிறார், நான் தெரிகிறேனா என்று தெரியவில்லை. பேச்சு திரும்புமா என்பதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் வாயைத் திறந்து பேசியிருந்தால் நான் இங்கே இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

இன்று காலை கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பளபளப்பான ஷூ போட்டிருந்தார், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காமல் கதவோரமாகவே நின்றார். எழுதிக் கொண்டுவந்த தாளை நீட்டினார். பயணி குறித்த நேரத்துக்குள் திரும்பவில்லை என்றும், அவருடைய அட்டையைக் குடும்பத்தார் முறைகேடாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்றும் அதில் இருந்தது. அதில் நான் கையெழுத்துப் போட்டால் என்மேல் உள்ள புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள், வைத்தியத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். போடாவிட்டால் என்ன என்று கேட்டேன். "உங்க மருமகதாம்மா ஆறு கார்டு குடுத்தது. கேஸ்னு போனா அவங்க பேரும் வரும். சின்ன வயசு, வேலைக்குப் போறவங்க. யோசிச்சுக்குங்க" என்றார். கப்பலிலிருந்து மகன் போனில் வந்து, "அம்மா, போட்டுரும்மா. நமக்கெதுக்கு வம்பு" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

எனக்கும் மருமகளுக்கும் அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஏழாம் பொருத்தம். அவள் போடும் காப்பி எனக்குப் பிடிக்காது, நான் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. இரண்டு பேரும் அதை மறைத்ததும் இல்லை. அவள் அப்போது மாமனாரின் கையில் இருந்த கிரீஸை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைக் கீழே வைக்காமலேயே ஏஜென்ட்டைப் பார்த்து, "ஆமா சார், நான்தான் குடுத்தேன். ஆறுன்னு சொல்லித்தான் குடுத்தேன். அதை நானே என் கைப்பட எழுதித் தர்றேன். அஞ்சு பேர ஆறுன்னு ஏத்துனது யாருன்னு நீங்க எழுதித் தாங்க" என்றாள். ஏஜென்ட் அதற்கு, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். அவள் சொன்னதில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அவர் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகையால் என் தரப்பில் சமரசத்துக்குச் சம்மதம் இல்லை. மருமகள் செய்தது தவறு, அது அவளுடைய தனி வாக்குமூலத்தில் இருக்கிறது. நான் அறைந்தது குற்றம், அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். என்மேல் உள்ள புகாரைத் திரும்பப் பெற அவர்களை விடக் கூடாது என்பதுதான் இந்த நிலையத்தில் நான் வைக்கும் ஒரே கோரிக்கை. புகாரை எடுத்துவிட்டால் எல்லாரும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். வழக்கு நடந்தால் என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள், என்னைக் கூண்டில் ஏற்ற அந்த அதிகாரி நேரில் வந்தாக வேண்டும். இந்த அம்மா உங்களை ஏன் அறைந்தார் என்று நீதிபதி கேட்பார். அதற்கு அந்த அதிகாரி, வாசலில் நின்றவர் அவருடைய கணவர்தான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இதுவரை அவர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

இதை எழுத்தர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார், மூன்று இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார். இதில் உள்ளது அத்தனையும் நான் என் சுய நினைவோடு, யாரும் தூண்டாமல் சொன்னது. பழக்காரப் பெண் சொன்னதை அவள் சொன்னதாகவும், நான் பார்த்ததை நான் பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறேன், பொய் எதுவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
புகாரில் கண்ட தையல்காரப் பெண்மணி

உடனிருந்த சாட்சி: மருமகள் (ஒப்பம்)